ஒரு பட்டனின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி

நான் வடிவமைத்த முதல் பதிவுத் திரை ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. நாற்பது கட்டங்கள் கொண்ட படிவம் அது. தேடுவதற்கு எஃப்3 கீயை வைத்திருந்தேன். எஃப்3 அழுத்தினால் கட்டமெல்லாம் காலியாகும், தேட வேண்டிய பெயரைத் தட்டிக்கொள்ளலாம். விண்டோஸில் எஃப்3 என்றால் தேடல்தானே, அதையே செய்திருக்கிறோம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. முதல் நாள் காலையில், பதினைந்து வருடமாக டேட்டா என்ட்ரி செய்துவந்த அக்கா ஒருவர் நாற்பது கட்டத்தையும் நிரப்பிவிட்டு, கை போன போக்கில் எஃப்3-ஐ அழுத்தினார். எல்லாம் போயிற்று. மறுபடி நிரப்பினார், மறுபடி எஃப்3. மூன்றாவது தடவை நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைக் கேட்டார்: "ஏன் தம்பி, யாரைக் கேட்டு எஃப்3-ய மாத்தினே?"

அதுவரை அவர் வேலை செய்தது பச்சை எழுத்து டெர்மினலில், அதாவது ஒரு பெரிய மையக் கணினியோடு இணைத்த திரையும் கீபோர்டும். ஐபிஎம் மெயின்ஃப்ரேம் என்ற அந்தப் பெரிய கணினிகளின் உலகத்தில் எஃப்3 என்றால் "முடித்துக்கொண்டு வெளியே வா". அவர் விரலுக்குத் தெரிந்தது அதுதான். ஆக, நான் விதியை மீறவே இல்லை. அவருடைய விதியை விட்டுவிட்டு வேறொரு விதியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். "யாரைக் கேட்டு" என்று அவர் கோபத்தில் கேட்டார். அந்தக் கேள்விக்கு நிஜமாகவே பதில் உண்டு, எஃப்3-க்கு ஒரு கையேடும் ஒரு வருடமும் உண்டு என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. திரையில் எதையாவது மாற்றச் சொன்னால், அது அங்கே எப்படி வந்து உட்கார்ந்தது என்று முதலில் தேடுவேன். இதற்குப் பெரிய நூலகம் எதுவும் வேண்டாம். பாதித் தடயம் உங்கள் கீபோர்டிலேயே இருக்கிறது. படிவம் வடிவமைப்பவர்கள், டெஸ்ட் செய்பவர்கள், உதவிக் குறிப்பு எழுதுபவர்கள் யாருக்காவது பயன்படும் என்பதால் நான் தேடும் முறையை எழுதி வைக்கிறேன்.

தேடுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். "இதுதான் ஸ்டாண்டர்டு" என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், அவர் நாலு விஷயங்களில் ஏதோ ஒன்றைச் சொல்கிறார். விரலில் படிந்த பழக்கமாக இருக்கலாம். ஒரு கம்பெனி தன் கணினிகளுக்காக எழுதிய கையேடாக இருக்கலாம். ஐஎஸ்ஓ மாதிரி ஓர் அமைப்பு பல நாட்டு நிபுணர்களை உட்காரவைத்து எழுதிய தரநிலையாக இருக்கலாம். அல்லது சட்டமாக இருக்கலாம். நாலுக்கும் பலம் வேறு, ஆயுள் வேறு. ஆனால் கூட்டத்தில் எல்லாமே ஒரே குரலில் வரும். எனவே அடுத்த தடவை யாராவது அப்படிச் சொன்னால் "எந்த ஸ்டாண்டர்டு?" என்று மட்டும் கேளுங்கள். பாதி வாதம் அங்கேயே அடங்கிவிடும்.

முதலில் விரலைக் கேளுங்கள்

விண்டோஸ் கணினி முன்னால் இருந்தால் இப்போதே செய்து பாருங்கள். எங்காவது இரண்டு வரி தட்டி, ஒரு வார்த்தையைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு இன்சர்ட் கீயைத் தட்டுங்கள். வேறு இடத்தில் கர்சரை வைத்து ஷிப்ட்டும் இன்சர்ட்டும். ஒட்டிவிட்டதா? ஷிப்ட்டோடு டெலீட் அழுத்தினால் வெட்டும். கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி என்று ஒரு ஜோடி ஏற்கெனவே இருக்க, இந்தப் பழைய ஜோடி எதற்கு உயிரோடு இருக்கிறது?

இரண்டும் வெவ்வேறு வீட்டிலிருந்து வந்தவை. இன்சர்ட் ஜோடி ஐபிஎம் வீட்டுப் பிள்ளை. 1987 மார்ச்சில் ஐபிஎம் ஒரு பெரிய திட்டத்தை அறிவித்தது. அவர்களிடம் மெயின்ஃப்ரேம், நடுத்தரக் கணினி, பர்சனல் கம்ப்யூட்டர் என்று தனித்தனிக் குடும்பங்கள் இருந்தன. ஒன்றில் பழகியவர் இன்னொன்றில் உட்கார்ந்தால் எல்லாமே புதிது. இந்தக் குடும்பங்களுக்கு ஒரு பொது ஒழுங்கு வேண்டும் என்பது திட்டத்தின் நோக்கம். அதில் திரையும் கீபோர்டும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் பகுதிக்குக் காமன் யூசர் ஆக்சஸ் என்று பெயர், சுருக்கமாக சியூஏ. எஃப்1 என்றால் உதவி, எஃப்3 என்றால் வெளியேறு, எஃப்10 மெனுவுக்குப் போ, எஃப்12 ரத்து செய், ஆல்ட்டோடு எஃப்4 ஜன்னலை மூடு. எல்லாம் அங்கே எழுத்தில் வந்தவை. எங்கள் அக்காவின் விரலில் இருந்த பழக்கம் இந்தக் கையேட்டைவிடப் பழையது. பழக்கத்தைக் கையேடு விதியாக்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்பு நிலைமை என்ன என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். வேர்ட்பர்ஃபெக்ட், வேர்ட்ஸ்டார் இரண்டும் அன்றைய எழுத்து மென்பொருள்கள். வேர்ட்பர்ஃபெக்டில் உதவிக்கு எஃப்3, வெளியேற எஃப்7. எந்த எஃப் கீ என்ன செய்யும் என்று நினைவில் வைக்க முடியாமல், கீபோர்டின் மேலே வைக்க ஒரு அச்சடித்த அட்டையே கூட வரும். வேர்ட்ஸ்டாரில் கர்சரை நகர்த்தவே கண்ட்ரோலோடு ஈ, எஸ், டி, எக்ஸ். ஒரு பத்தியைக் குறிக்க கண்ட்ரோல் கே, பிறகு பி. லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருளில் மெனு வேண்டுமென்றால் சாய்கோடு. ஒன்றில் புலியாக இருந்தவர் அடுத்ததில் பூனை.

சியூஏவுக்குப் பின் வந்த விண்டோஸ் பதிப்புகளும் ஓஎஸ்/2 என்ற இயங்குதளமும் அதன் வழியில் நடந்தன. கண்ட்ரோல் சி, எக்ஸ், வி ஜோடி வந்தது வேறு வீட்டிலிருந்து. ஆப்பிள் 1983-ல் லிசா கணினியிலும் 1984-ல் மெக்கின்டாஷிலும் வைத்திருந்தது அது. விண்டோஸ் 1990-களின் தொடக்கத்தில் கண்ட்ரோல் கீயோடு அதையும் சேர்த்துக்கொண்டது. பழையதை மட்டும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஏகப்பட்ட அக்காக்கள் நாற்காலியைத் திருப்பியிருப்பார்கள். கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரை டெர்மினலில் வேலை செய்பவர்களுக்கு இது வேறு விதத்தில் கைகொடுக்கிறது. அங்கே கண்ட்ரோல் சி என்றால் ஓடுகிற நிரலை நிறுத்து என்று அர்த்தம். அதனால் பல டெர்மினல்களில் ஒட்டுவதற்கு இன்றும் ஷிப்ட் இன்சர்ட்தான்.

செய்ய வேண்டியது இதுதான். நீங்கள் ஒரு கீயை மாற்றப் போகிறீர்கள் என்றால், அந்த மென்பொருளைப் பயன்படுத்தப் போகிறவர்கள் பக்கத்தில் அரை நாள் உட்காருங்கள். கேள்வி கேட்காதீர்கள். கேட்டால் "மவுஸ்லதான் செய்வேன்" என்பார்கள், கை வேறு எங்கோ போகும். கையை மட்டும் பாருங்கள். எந்தக் கீ எத்தனை தடவை என்று கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டு வழக்கத்தில் வளர்ந்தவர்கள் என்று பட்டியல் தானே சொல்லிவிடும்.

மெனுவில் சில பெயர்களுக்குப் பின்னால் மூன்று புள்ளி வருகிறதே, அதையும் பாருங்கள். "அச்சிடு..." என்று இருக்கும், "சேமி" என்று வெறுமனே இருக்கும். ஜன்னல் திறந்தால் புள்ளி வை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அந்த வேலையை முடிக்க உங்களிடம் இன்னும் ஏதோ கேட்க வேண்டியிருக்கிறது என்பதுதான் புள்ளிக்கு அர்த்தம். "இந்த மென்பொருளைப் பற்றி" என்பது ஜன்னலைத் திறக்கும், ஆனால் உங்களிடம் எதையும் கேட்காது. ஆகவே புள்ளி கிடையாது. நான் டெஸ்ட் செய்யும் பத்து மென்பொருளில் ஏழெட்டு இதைத் தப்பாகச் செய்கின்றன. யாரும் சாகப்போவதில்லை. ஆனால் புள்ளி இல்லாததை அழுத்தினால் உடனே நடந்துவிடும் என்று நம்பி ஒருவர் கை தயங்குகிறது அல்லவா, அந்தத் தயக்கத்துக்குத்தான் அது மதிப்பு.

கையேட்டில் விதியைப் படிக்காதீர்கள், சண்டையைப் படியுங்கள்

கம்பெனிக் கையேடுகள் பெரும்பாலும் முடிவை மட்டும் சொல்லும். அந்த முடிவுக்கு முன்னால் யாரோ தடுக்கி விழுந்திருப்பார்கள். அந்த விழுந்த கதையைக் கண்டுபிடித்துவிட்டால் விதியை எப்போது வளைக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

ஓகே பட்டனை எடுத்துக்கொள்வோம். லிசா தயாராகிக்கொண்டிருந்தபோது அந்தப் பட்டனில் "டூ இட்" என்று இருந்தது, அதாவது செய். புதிதாக வந்தவர்களை உட்காரவைத்துச் சோதித்தபோது சிலர் அதை அழுத்தவே மறுத்தார்கள். ஒருவர் எரிச்சலோடு, என்னை ஏன் மடையன் என்கிறது என்று கேட்டுவிட்டார். இரண்டு சொல்லுக்கும் நடுவில் இடைவெளி போதாமல், பெரிய ஐ எழுத்து சின்ன எல் மாதிரித் தெரிய, அது "டோல்ட்" என்று வாசிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் மடையன். கொஞ்சம் யோசித்து ஓகே என்று மாற்றினார்கள். இந்தக் கதை தெரிந்த பிறகு ஓகே என்ற சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியவில்லை. தெளிவாகப் படிக்கக்கூடிய எழுத்தும் இடமும் இருந்தால் "செய்", "அனுப்பு", "நீக்கு" என்று வினையையே எழுதுவதுதான் நல்லது. ஆப்பிளின் பிந்தைய வழிகாட்டுதலும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

இன்னொன்று, லேரி டெஸ்லரின் பிடிவாதம். ஜெராக்ஸின் பார்க் ஆய்வுக்கூடத்தில் 1970-களின் நடுவில் வேலை செய்தவர். அங்கே ப்ராவோ என்று ஓர் எடிட்டர் இருந்தது. அதில் இரண்டு நிலை உண்டு. ஒன்றில் தட்டினால் எழுத்து விழும். மற்றொன்றில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளை. இரண்டாவது நிலையில் இருப்பது தெரியாமல் ஒருவர் "எடிட்" என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் என்ன ஆகும் என்று ஒரு கதை சொல்வார்கள். ஈ என்றால் எல்லாவற்றையும் தேர்ந்தெடு. டி என்றால் அழி. ஐ என்றால் செருகு. மிச்சம் இருக்கும் டீ மட்டும் திரையில் விழும். முழு ஆவணமும் ஒரே ஓர் எழுத்தாகிவிடும். டெஸ்லர், டிம் மாட் என்பவரோடு சேர்ந்து ஜிப்ஸி என்ற எடிட்டரை எழுதினார். நிலை மாற்றமே இல்லாமல், முதலில் தேர்ந்தெடு, பிறகு வெட்டு, பிறகு ஒட்டு. நிலைகள் வேண்டாம் என்பதைத் தன் கார் நம்பர் பிளேட்டிலேயே போட்டுக்கொண்ட மனிதர் அவர்.

என் எஃப்3 இப்போது நினைவுக்கு வருகிறதா? அதுவும் நிலை மாற்றம்தான். பதிவு செய்யும் திரை ஒரே கீயில் தேடும் திரையாக மாறியது, பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. கீயை மட்டும் மாற்றியிருந்தால் நோய் அப்படியே இருந்திருக்கும். பூர்வீகம் தேடப் போய்த்தான் இது எனக்குப் பிடிபட்டது.

ஆப்பிள் 1987-ல் வெளியிட்ட இடைமுகக் கையேட்டில் பத்துக் கொள்கைகள் இருக்கின்றன. அதில் ஒன்றின் பெயர் மன்னிப்பு. ஒரு கணினிக் கையேட்டில் இந்தச் சொல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சாரம் இவ்வளவுதான்: செய்ததைத் திரும்பப் பெற முடிய வேண்டும், முடியாது என்றால் மட்டும் எச்சரி. நம் படிவங்களில் என்ன செய்கிறோம்? ஒவ்வொரு நீக்கலுக்கும் "நிச்சயமாகவா?" என்று ஒரு பெட்டி வைக்கிறோம். பத்தாவது தடவை யாரும் அதைப் படிப்பதில்லை, விரல் தானாகச் சரி சொல்லிவிடுகிறது. அந்தப் பெட்டி மன்னிப்பது கிடையாது, பழியை அழுத்தியவர் தலையில் கட்டுவது. செயல்தவிர் வசதி எழுதுவதற்குச் சோம்பல்பட்டால் வருவது அது. கடுமையாகச் சொல்கிறேன், நானே அப்படிப் பெட்டிகள் வைத்தவன் என்பதால்.

பழைய ஆவணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எந்தக் கம்பெனியும் எழுதியதல்ல. 1986-ல் அமெரிக்க விமானப் படைக்காக மைட்டர் நிறுவனத்தில் சிட்னி ஸ்மித்தும் ஜேன் மோசியரும் தொகுத்த அறிக்கை. 944 வழிகாட்டுதல்கள். தகவலைப் பதிவது, காட்டுவது, அடுத்தடுத்த படிகளை ஆள்வது, பயனருக்கு வழி சொல்வது, அனுப்புவது, பாதுகாப்பது என்று ஆறு பிரிவு. எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம், யாரும் முழுதாகப் படிப்பதில்லை. உங்களுக்கு வேண்டிய இடத்தைத் திறந்தால் விதிக்குக் கீழே உதாரணம் இருக்கும். அதற்கும் கீழே பல இடங்களில் "விதிவிலக்கு" என்று ஒரு பத்தி. இந்த விதி எப்போது பொருந்தாது என்று விதியை எழுதியவர்களே சொல்லிவிடுகிறார்கள். இன்றைய கையேடுகளில் பளபளப்பு இருக்கிறது, இந்த நேர்மை குறைவு. டேட்டா என்ட்ரி திரை செய்பவர்கள் முதல் பிரிவையாவது புரட்டிப் பாருங்கள். அரசு அறிக்கை என்பதால் காசு கொடுக்காமல் கிடைக்கும்.

பட்டன் வரிசைச் சண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. விண்டோஸில் ஓகே முதலில், கேன்சல் பிறகு. மெக்கில் முக்கியப் பட்டன் வலது கோடியில், கேன்சல் அதற்கு இடப்பக்கம். லினக்ஸ் கணினிகளின் திரைச்சூழலான க்னோம், 2002-ல் வந்த இரண்டாம் பதிப்பில் மெக் வரிசையை எடுத்துக்கொண்டது. விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வந்தவர்கள் புலம்பித் தீர்த்தார்கள். எது சரி என்று இரண்டு பக்கமும் காரணம் சொல்லலாம், நான் இரண்டையும் நம்பி இரண்டையும் கைவிட்டவன். ஓடுகிற கணினி எதுவோ அதன் வரிசையை வையுங்கள், பட்டனில் வினைச்சொல்லை எழுதுங்கள், அழிக்கும் பட்டனை ஒதுக்கி வையுங்கள். இதற்கு மேல் இதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

பழக்கத்துக்குச் சொந்தக்காரர் உண்டா?

இதைத் தேடாமல் விட்டுவிடாதீர்கள். அடுத்தவர் மெனுவை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி எப்படியும் ஒருநாள் வரும்.

லோட்டஸ் 1-2-3-யின் மெனுவில் 469 கட்டளைகள் இருந்தன, ஐம்பதுக்கு மேற்பட்ட மெனுக்களில் அடுக்கி. போட்டிக் கம்பெனியான போர்லாண்ட் தன் குவாட்ரோ விரிதாளில், லோட்டஸ் பழகியவர்கள் எளிதாக மாறிக்கொள்ளட்டும் என்று அதே மெனு அடுக்கைக் கொடுத்தது. லோட்டஸ் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் லோட்டஸ் பக்கம் நின்றது. 1995-ல் மேல்முறையீட்டில் முடிவு மாறியது. மெனு அடுக்கு என்பது இயக்கும் முறை, அதற்குப் பதிப்புரிமை கிடையாது என்றது நீதிமன்றம். வீடியோ ரெக்கார்டரின் பட்டன்களோடு ஒப்பிட்டார்கள். 1996-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நாலுக்கு நாலாகப் பிரிந்ததால் அந்தத் தீர்ப்பு அப்படியே நின்றது. ஆப்பிள் 1988-ல் மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த வழக்கும் ஆப்பிளுக்குச் சாதகமாக முடியவில்லை. இந்த வழக்குகள் வேறு மாதிரி முடிந்திருந்தால் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு வெட்டு, ஒட்டு கீயோடு திரிந்திருக்கும். அட்டையை இன்னும் கீபோர்டு மேல் வைத்துக்கொண்டிருப்போம். ஆனால் இது அமெரிக்கத் தீர்ப்பு. மெனுவின் வரிசைக்குச் சொன்னதை ஐகான் படங்களுக்கும் நீட்டிக்கொள்ள வேண்டாம். படம் படம்தான்.

ஐஎஸ்ஓ எண்ணைப் படிக்கும் விதம்

ஒப்பந்தத்தில் "ஐஎஸ்ஓ 9241-க்கு உட்பட்டு" என்று ஒரு வரி இருக்கும். போட்டவருக்கும் அது என்னவென்று தெரியாது. கையெழுத்துப் போடுமுன் எந்தப் பகுதி, எந்த வருடம் என்று கேளுங்கள். 9241 ஒரு புத்தகம் அல்ல, ஒரு தெரு. கோடு போட்டு வரும் எண்தான் வீட்டு எண், இரட்டைப் புள்ளிக்குப் பின் வருவது வருடம்.

1990-களில் அது பதினேழு பகுதிகளாக வந்தது. கண்ணாடிக் குழாய்த் திரையில் அலுவலக வேலை செய்பவர்களின் கண், கழுத்து, மணிக்கட்டுக்காக ஆரம்பித்த வேலை. மூன்றாம் பகுதி திரைக்கு, நாலாம் பகுதி கீபோர்டுக்கு. பத்தாம் பகுதியிலிருந்து மென்பொருளுக்குள் நுழைந்தது. பதினாலில் மெனு, பதினேழில் படிவம் நிரப்புதல். பத்தாம் பகுதி 1996-ல் வந்தது. அதன் பூர்வீகம் ஜெர்மனி. 1988-ல் வந்த டின் 66234 தரநிலையின் எட்டாம் பகுதியில் ஐந்து கொள்கைகள் இருந்தன: வேலைக்குப் பொருத்தம், தன்னைத்தானே விளக்கும் தன்மை, பயனரின் கட்டுப்பாடு, எதிர்பார்ப்புக்கு இசைவு, பிழை தாங்கும் தன்மை. ஐஎஸ்ஓ இவற்றோடு இரண்டு சேர்த்து ஏழாக்கியது: தனக்கேற்ப மாற்றிக்கொள்ள வசதி, கற்க வசதி. "எதிர்பார்ப்புக்கு இசைவு" என்ற ஒன்று என் எஃப்3 பஞ்சாயத்தை அப்படியே சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். யாருடைய எதிர்பார்ப்பு என்பதுதான் கேள்வி.

பிறகு எண்களை மாற்றினார்கள். பத்தாம் பகுதி 2006-ல் 110 ஆயிற்று, 2020-ல் திருத்தப்பட்டது. படிவத்துக்கான பதினேழு இப்போது 143. மனிதரை மையமாக வைத்து வடிவமைக்கும் முறை 1999-ல் 13407 என்ற தனி எண்ணில் இருந்தது, இப்போது அதுவும் இதே தெருவில் 210. பழைய ஒப்பந்தத்தில் பழைய எண்ணைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், வீடு மாறியிருக்கிறது.

ஐஎஸ்ஓ ஆவணங்கள் விலைக்குத்தான். ஆனால் அதன் இணையதளத்தில் முன்னுரை, எல்லை, சொல் விளக்கம் ஆகியவற்றைச் சும்மா படிக்கலாம். முன்னுரையை மட்டும் தவறவிடாதீர்கள். எந்தப் பழைய பதிப்புக்குப் பதிலாக வந்தது, என்ன மாறியது என்று அங்கேதான் இருக்கும். உள்ளே போனால் ஆங்கிலத்தில் "ஷல்" என்று வருவது கட்டாயம், "ஷுட்" என்று வருவது பரிந்துரை. 9241-இன் மென்பொருள் பகுதிகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். ஒப்பந்தச் சண்டையில் இந்த ஒரு சொல் வித்தியாசம் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

இதையொட்டிய சட்டத்தைத் தேடினால் ஐரோப்பா வரும். 1990 மே 29-ஆம் தேதி அன்றைய ஐரோப்பியச் சமூகம் திரை முன் வேலை செய்வோருக்காக 90/270 என்ற ஆணையை வெளியிட்டது. அதன் பின்னிணைப்பில் மென்பொருள் வேலைக்குப் பொருத்தமாக, எளிதாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. கூடவே ஒரு வரி: வேலை செய்பவருக்குத் தெரியாமல் அவரைக் கணக்கெடுக்கும் வசதி எதுவும் வைக்கக் கூடாது. நிமிடத்துக்கு எத்தனை கீ தட்டினார் என்று ரகசியமாக எண்ணும் மென்பொருள் செய்யச் சொல்லி என்னிடம் கேட்டவர்களுக்கு இந்த வரியைக் காட்டியிருக்கிறேன். அவர்கள் ஐரோப்பாவில் இல்லை, ஆணை அவர்களைக் கட்டாது. ஆனாலும் கொஞ்சம் யோசித்தார்கள்.

எண்ணைக் கண்டால் கிளறுங்கள்

விதியில் ஓர் எண் இருந்தால் அதற்குள் ஒரு கணக்கு இருக்கும். எனக்குப் பிடித்த உதாரணம் 4.5.

எழுத்தின் நிறத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். இது இணையத்துக்குத் தரநிலை எழுதும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை வழிகாட்டுதலில் (உடல் குறைபாடு உள்ளவர்களும் பயன்படுத்தும்படி பக்கங்களை அமைப்பதற்கானது), 2008 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் இருக்கிறது. பெரிய எழுத்துக்கு 3 போதும். பல நாடுகளின் சட்டங்கள் இந்த வழிகாட்டுதலைச் சுட்டுவதால் இது பரிந்துரை நிலையைத் தாண்டிவிட்டது. டிசைனர்களுக்கு இந்த எண் மேல் தீராத கோபம். வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற நிறக் குறியீடுள்ள சாம்பல் தேறும், 777777 தேறாது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாத இரண்டு சாம்பலுக்கு நடுவில் சட்டம் கோடு போடுகிறது என்பார்கள்.

இந்த வழிகாட்டுதலின் ஒவ்வொரு விதிக்கும் டபிள்யூ3சி தனியாக ஒரு விளக்கப் பக்கம் இலவசமாக வைத்திருக்கிறது. அதைத் திறந்தால் கணக்கு வெளியே வரும். சாதாரணப் பார்வை உள்ளவருக்குக் குறைந்தபட்சம் 3 என்பது ஐஎஸ்ஓ 9241 மூன்றாம் பகுதியிலும் 1988-இன் அமெரிக்கத் தரநிலை ஒன்றிலும் சொன்னது. ஆம், அதே கண்ணாடிக் குழாய்த் திரைப் பகுதி. பார்வை 20/40 அளவுக்கு மங்கியவருக்கு, அதாவது ஏறக்குறைய எண்பது வயதுக்காரரின் கண்ணுக்கு, ஒன்றரை மடங்கு வேறுபாடு வேண்டும். மூன்றை ஒன்றரையால் பெருக்கினால் நாலரை. இன்னும் மங்கிய பார்வைக்கு இதே வழியில் 7 வருகிறது. இனி யாராவது "இந்த 4.5 எங்கிருந்து குதித்தது" என்று கேட்டால் எண்பது வயதுக் கண்ணிலிருந்து என்று சொல்லுங்கள்.

இதே கிளறல் விரல் தொடும் அளவுக்கும் செல்லும். ஆப்பிள் 44 புள்ளி என்கிறது, ஆண்ட்ராய்டு 48 என்கிறது, டபிள்யூ3சி வழிகாட்டுதலின் 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு 24 போதும் என்கிறது. முதல் இரண்டும் வசதியான அளவு. கடைசியது அதற்குக் கீழே போகாதே என்ற தரை. தரையை இலக்காக எடுத்துக்கொள்பவர்கள்தான் நம் ஃபோனில் பக்கத்துப் பட்டனை அழுத்தவைக்கிறார்கள்.

சில நேரம் கிளறினால் காரணம் செத்துக் கிடக்கும். நான் சேர்ந்த இடத்தில் ஒரு பழைய உள்ளகக் கையேடு, வரிக்கு 80 எழுத்துக்கு மேல் கூடாது என்றது. டெர்மினலில் ஒரு வரிக்கு 80 எழுத்து இடம், அதற்கு முன் 1928-ல் ஐபிஎம் கொண்டுவந்த, தகவலைத் துளையாகப் பதியும் அட்டையிலும் 80 இடம். டெர்மினலும் போயிற்று, அட்டையும் போயிற்று. விதியைத் தூக்கப் போனேன். நல்லவேளை, மறுநாள் அணுகல்தன்மை வழிகாட்டுதலின் உயர்நிலைப் பகுதியைப் புரட்டியபோது அங்கேயும் ஒரு வரிக்கு 80 எழுத்துக்கு மேல் வேண்டாம் என்று இருந்தது. காரணம் முற்றிலும் வேறு. வரி நீண்டால் வாசிப்பில் சிரமம் உள்ளவர்களின் கண் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தவறவிடுகிறது. பழைய காரணம் இறந்த வீட்டில் புதுக் காரணம் குடியிருந்தது. விதியை வைத்துக்கொண்டேன், காரணத்தை மாற்றி எழுதினேன்.

ஒரு நோட்டு வையுங்கள்

தேடியதை எழுதி வைக்காவிட்டால் ஆறு மாதத்தில் இன்னொருவர் அதே கேள்வியோடு வருவார். என் நோட்டில் ஒரு விதிக்கு ஒரு பக்கம். என்ன விதி, நாலு ரகத்தில் எது, எந்த ஆவணம், எந்த வருடம், முதலில் தடுக்கி விழுந்தவர் யார், அந்தக் காரணம் இப்போது உயிரோடு இருக்கிறதா, நாங்கள் என்ன முடிவு செய்தோம், எப்போது மறுபடி பார்க்க வேண்டும். எல்லாம் நிரம்ப வேண்டும் என்று இல்லை. "காரணம்" காலியாக இருக்கும் பக்கங்கள்தான் எனக்கு உபயோகமானவை. டிசைன் கூட்டத்தில் அடிதடி வருவது எப்போதும் அந்தப் பக்கங்களில்தான்.

ஓர் எச்சரிக்கை. பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1994-ல் செம்மைப்படுத்திய பத்து விதிகளைச் சுவரில் ஒட்டிவைத்து, அதையே ஸ்டாண்டர்டு என்பவர்கள் உண்டு. அவை அருமையான சல்லடை, பிழை சலிக்க ஏற்றவை. ஆனால் அவை கையேடும் அல்ல, ஐஎஸ்ஓவும் அல்ல, சட்டமும் அல்ல. நோட்டில் அதற்கு ஐந்தாவதாக ஒரு ரகம் வைத்திருக்கிறேன்: பெரியவர்கள் சொன்னது.

எஃப்3-க்கான பக்கம் நோட்டின் முதல் பக்கம். வெளியேறுவது எஃப்3-க்கே திரும்பியது, சேமிக்காமல் வெளியேறினால் வரைவாக நிற்கும். தேடலைத் தனித் திரையாக்கி கண்ட்ரோல் எஃப்-க்கு மாற்றினோம். ஆவணம் என்ற இடத்தில் சியூஏ, 1987. காரணம் என்ற இடத்தில் அக்கா கேட்ட கேள்வியை அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். அவர் ஓய்வுபெற்றுவிட்டார். இப்போது அந்த நாற்காலிகளில் இருக்கும் நாலு பேரும் பச்சைத் திரையைப் பார்த்திராதவர்கள். அடுத்த வாரம் பேனாவோடு அவர்கள் பக்கத்தில் உட்காரப் போகிறேன். யார் விரலாவது எஃப்3-க்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.